'டேக் எ நீ': மண்டியிட்டவர் தோற்றவர் அல்ல

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விளையாட்டுக் கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியது. ஓர் இடத்தில் 'டுக் எ நீ' என்று இருந்தது. நானும் யோசிக்காமல் 'கடைசி நிமிஷத்தில் குவாட்டர்பேக் மண்டியிட்டார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். (பந்தை வாங்கி அணியின் ஆட்டத்தை நடத்துகிற வீரர்தான் குவாட்டர்பேக்.) மறுநாள் பிழை திருத்துபவர் போன் செய்தார். "சார், மேல ஜெயிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க, கீழ மண்டியிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எது சரி?"

ரெண்டும் சரிதான். அந்த ஆள் மண்டியிட்டதால்தான் அவர் அணி ஜெயித்தது. ஆனால் அதை ஒரு தமிழ் வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. தமிழில் 'மண்டியிட்டான்' என்றால் கதை முடிந்தது, தோற்றுவிட்டான். மேடையில் 'மண்டியிடாத மானம்' என்று முழங்குகிற ஊர் இது. ஆங்கிலத்தின் 'டேக் எ நீ' அந்தப் பொருளில் வருவதே இல்லை. இந்த ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்டால் அந்தச் சொற்றொடர் முழுவதும் பிடிபட்டுவிடும். படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

முழங்காலுக்கான ஆங்கிலச் சொல்லை எழுதும்போது முதலில் 'கே' வரும், உச்சரிக்கும்போது வராது. தமிழில் எழுதினால் 'நீ, நான்' என்பதில் வரும் அதே 'நீ'தான். பழைய ஆங்கிலத்தில் அந்த 'க்' ஒலித்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். லத்தீனில் 'கெனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு', எல்லாம் ஒரே வேர். நாம் 'ஆஜானுபாகுவான ஆள்' என்கிறோமே, அதில் இருப்பது இந்த ஜானுதான். முழங்கால் வரை நீளும் கைகள் உடையவன் என்று பொருள்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். 'டேக்' என்பது வினை. இறந்த காலத்தில் 'டுக்', முற்றுப்பெற்ற வடிவில் 'டேக்கன்', செய்துகொண்டிருக்கும்போது 'டேக்கிங்'. கவனிக்க வேண்டியது அடுத்ததைத்தான்: பதினொரு பேர் சேர்ந்து முழங்காலிட்டாலும் 'தே டுக் எ நீ' என்றே சொல்வார்கள். பன்மையில் 'டுக் நீஸ்' என்று போடுவதில்லை. ஊன்றுவது ஆளுக்கு ஒரு முழங்கால் மட்டும். இரண்டு முழங்காலும் தரையில் பட்டால் அது வேறு கதை, அதற்கு ஆங்கிலத்தில் வேறு தொடர் இருக்கிறது.

இன்னொன்று, 'டேக்' என்ற வினையே ஒரு செய்தி சொல்கிறது. யாரும் பிடித்து அழுத்தவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. 'டேக் எ சீட்', 'டேக் எ ப்ரேக்' மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது படியில் மறுபடி வரும்.

இரண்டாம் படி: மைதானத்துக்குப் போங்கள்

நம்மில் பலருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் தலையும் புரியாது காலும் புரியாது. இதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தோடு இருப்பவரை எதிரணி வீழ்த்தினாலோ, அவர் தானே முழங்காலை ஊன்றினாலோ அந்த முயற்சி அங்கேயே முடிந்தது. ஆனால் கடிகாரம் நிற்காது. அடுத்த முயற்சியைத் தொடங்க 40 வினாடி அவகாசம் உண்டு. எதிரணியின் கையில் கடிகாரத்தை நிறுத்தும் டைம்-அவுட் மிச்சமில்லை என்று வையுங்கள். நீங்கள் முன்னிலையில் இருக்கிறீர்கள், பந்தும் உங்களிடம் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஓட வேண்டும்? பந்தை வாங்கு, முழங்காலை ஊன்று, நாற்பது வினாடி சும்மா நில். மூன்று முறை செய்தால் ஏறக்குறைய இரண்டு நிமிஷம் கரைந்துவிடும். அந்த நேரத்தில் எதிரணி செய்யக்கூடியது எதுவுமில்லை.

இதைத்தான் 'குவாட்டர்பேக் டுக் எ நீ' என்கிறார்கள். இப்படிச் செய்ய அணி நிற்கும் அமைப்புக்குப் பெயரே 'விக்டரி ஃபார்மேஷன்', அதாவது வெற்றி வியூகம். மண்டியிடுவதற்குப் பெயர் வெற்றி வியூகம்! இதில் ஒரு வேடிக்கை, ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் அந்த வீரரின் புள்ளிவிவரக் கணக்கில் ஒரு கெஜம்போலக் குறையும். அணி ஜெயிக்கத் தன் கணக்கில் நஷ்டம் எழுதிக்கொள்கிறார்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1978 நவம்பர் 19 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் நியூஜெர்சியில் ஆடின. ஜயன்ட்ஸ் 17-12 என்று முன்னிலை. ஆட்டம் முடிய வினாடிகள்தான் பாக்கி, ஈகிள்ஸிடம் டைம்-அவுட் இல்லை. பந்தோடு முழங்காலை ஊன்றியிருந்தால் போதும். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி உட்கார்ந்து ஜெயிப்பது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. ஓட்டம் ஒன்று ஆடச் சொல்லி உத்தரவு வந்தது. குவாட்டர்பேக் ஜோ பிசார்சிக் பந்தை லாரி சோங்காவிடம் கொடுக்கப் போக, அது நழுவிக் கீழே விழுந்தது. ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதைப் பொறுக்கிக்கொண்டு 26 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார். 19-17. ஈகிள்ஸ் ரசிகர்களுக்கு அது, மைதானம் இருந்த இடத்தின் பெயரால், 'மெடோலண்ட்ஸ் அற்புதம்'. ஜயன்ட்ஸ் ரசிகர்கள் வெறுமனே 'தி ஃபம்பிள்' (பந்து நழுவிய அந்தச் சம்பவம்) என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த ஓட்டத்துக்கு உத்தரவிட்ட பயிற்சியாளருக்கு மறுநாளே வேலை போனது. அதற்குப் பிறகு முழங்காலை ஊன்றுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பந்து நழுவினாலும் பொறுக்க ஓர் ஆளைப் பின்னால் நிறுத்தி, அதை முறையான வியூகமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் தொடரின் பொருள்: முன்னிலையில் இருக்கும்போது அபாயம் எதையும் இழுத்துக்கொள்ளாமல் நேரத்தைக் கடத்துவது.

மூன்றாம் படி: யார், யாரிடம் சொல்கிறார்கள்?

இதே தொடரைப் பயிற்சியாளர் சொன்னால் பொருள் வேறு. மைதானத்தில் பையன்கள் ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் விசிலை ஊதி 'டேக் எ நீ!' என்று கத்துகிறார். 'வாங்க, சுத்தி உட்காருங்க, நான் சொல்றதைக் கேளுங்க' என்று அர்த்தம். முன்வரிசை முழங்காலிட்டால்தானே பின்னால் இருப்பவனுக்கு முகம் தெரியும். யாராவது அடிபட்டுக் கிடந்தால் மற்ற ஆட்டக்காரர்கள் மரியாதைக்காகவும் கவலையோடும் முழங்காலிட்டுக் காத்திருப்பதும் உண்டு.

ராணுவத்தில் இன்னொரு விதம். ரோந்து போகும் வீரர்கள் சற்று நிற்கும்போது ஒரு முழங்காலை ஊன்றி, துப்பாக்கியைப் பிடித்தபடி சுற்றிலும் கண் வைத்திருப்பார்கள். மூச்சு வாங்கிக்கொள்ளவும் முடியும், சட்டென்று எழவும் முடியும். அங்கிருந்து இது பேச்சு வழக்குக்கு வந்து, 'கொஞ்சம் நிதானி, ஓய்வெடு' என்ற பொருளில் ஆபீஸ்களில்கூடக் கேட்கிறது. ஓய்வு என்றாலும் காலை நீட்டிப் படுக்கும் ஓய்வல்ல. நம் ஊரில் 'கொஞ்சம் குந்தி எழுந்துக்கலாம்' என்பார்களே, கிட்டத்தட்ட அது.

டிம் டீபோ என்ற டென்வர் வீரர் 2011-ல் மைதானத்தில் ஒற்றை முழங்காலிட்டு ஜெபம் செய்வது பிரபலமாகி, அவர் பெயரிலேயே 'டீபோயிங்' என்று ஒரு வினைச்சொல் பிறந்தது. மக்கள் கண்ட இடத்தில் அப்படி உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டார்கள்.

நான்காம் படி: 2016-க்குப் பிறகு என்ன ஆனது?

இன்றைக்குச் செய்தியில் இந்தத் தொடர் வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வரும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

2016 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸ் அணியின் குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக், தேசிய கீதம் இசைக்கும்போது எழாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையையும் இனப் பாகுபாட்டையும் எதிர்த்து. ஆகஸ்ட் 26 ஆட்டத்தில்தான் பத்திரிகையாளர்கள் அதைக் கவனித்தார்கள். கொந்தளிப்பு கிளம்பியது. அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவரும் ஃபுட்பால் ஆடியவருமான நேட் பாயர் அவரைச் சந்தித்துப் பேசினார். உட்கார்வதற்குப் பதிலாக முழங்காலிடலாம், வீரர்கள் இறந்துபோன தோழனின் கல்லறை முன்னால் அப்படித்தான் முழங்காலிடுவார்கள் என்பது பாயரின் யோசனை. செப்டம்பர் 1, சான் டியேகோவில், சக ஆட்டக்காரர் எரிக் ரீடும் பக்கத்தில் இருக்க, கேப்பர்னிக் கீதத்தின்போது முழங்காலிட்டார்.

இந்த வேறுபாடுதான் முக்கியம். உட்கார்ந்தால் அவமதிப்பு, நின்றால் ஒப்புதல். முழங்காலிட்டால் மரியாதையும் உண்டு, மறுப்பும் உண்டு. அதற்கு முன்னோடியும் இருந்தது. 1965 பிப்ரவரி 1 அன்று அலபாமாவின் செல்மாவில், ஊர்வலம் போனதற்காகக் கைதானபோது மார்ட்டின் லூதர் கிங் தன் கூட்டத்தாரோடு தெருவிலேயே முழங்காலிட்டு ஜெபித்த படம் உலகம் பார்த்தது.

கேப்பர்னிக்குக்கு விலை பெரிது. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தவர், அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்.-லில் பிறகு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அலபாமா கூட்டத்தில் இப்படிச் செய்பவர்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று திட்டினார். அந்த வார இறுதியில் முழங்காலிட்டவர்கள் எண்ணிக்கை பல மடங்காகியது.

பிறகு 2020 மே 25. மினியாபோலிஸில் போலீஸ்காரர் டெரெக் ஷோவின், ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்தியபடி ஒன்பது நிமிஷத்துக்கு மேல் இருந்தார். ஃபிளாய்ட் இறந்தார். அதே முழங்கால்தான், ஆனால் அது கொன்ற முழங்கால். தெருவில் இறங்கியவர்கள் அதற்குப் பதிலாகத் தரையில் முழங்காலை ஊன்றியபோது அந்தச் சைகைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஜூன் 17-ல் இங்கிலாந்தின் ப்ரீமியர் லீக் திரும்பத் தொடங்கியபோது ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் வீரர்களும் நடுவரும் ஊதல் ஒலித்ததும் முழங்காலிட்டார்கள். ஜூலையில் சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து, வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் அணிகள். 2021 அக்டோபர் 24-ல் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் நம் ரோகித்தும் ராகுலும் ஆடுகளத்தில், மற்றவர்கள் எல்லைக் கோட்டோரம். தமிழ்நாட்டில் பலருக்கு இந்தச் சைகை முதலில் கண்ணில் பட்டது அந்த இரவில்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு சம்பவம். எல்லோரும் முழங்காலிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் தன் வீரர்களுக்கு உத்தரவு போட்டது. குவின்டன் டி காக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். உத்தரவாக வந்ததால் தன் உரிமை பறிக்கப்பட்டது போல உணர்ந்ததாக அதில் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் முழங்காலிட்டார். அவர் செய்தது சரியா தப்பா என்று வாதாடலாம், நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு அதில் பட்டது மொழிப் பிரச்சினை. உத்தரவுக்காகச் செய்தால் அது 'டேக்' ஆகுமா? முதல் படியில் சொன்ன வினையை நினைத்துப் பாருங்கள்.

வேறு திசையிலிருந்தும் மறுப்பு வந்தது. இங்கிலாந்தின் கிறிஸ்டல் பேலஸ் கால்பந்து அணியின் வில்ஃபிரெட் ஜாஹா, தானே கறுப்பினத்தவர், 2021 மார்ச்சில் முழங்காலிடாமல் நின்றார். அது தாழ்த்துவதாக இருக்கிறது, நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் பேச்சு. 2025 ஜூலையில் கால்பந்து வீராங்கனை ஜெஸ் கார்ட்டர் மீது இணையத்தில் இனவெறி வசவு பொழிந்தபோது அவருடைய இங்கிலாந்து பெண்கள் அணியும் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் முழங்காலிடுவதில்லை, நிற்பது என்று முடிவு செய்தது. ஐரோப்பிய நினைவில் மண்டியிட்ட கறுப்பு மனிதனுக்கு இன்னொரு படமும் உண்டு. 1787-ல் ஜோசையா வெட்ஜ்வுட் வெளியிட்ட அடிமை ஒழிப்புப் பதக்கத்தில் சங்கிலியோடு முழங்காலிட்டுக் கை கூப்பிக் கெஞ்சுகிற மனிதன். நல்ல நோக்கம்தான், ஆனால் கெஞ்சல். ஜாஹாவின் சங்கடம் அந்தப் படத்தைப் பார்த்தால் புரியும்.

ஐந்தாம் படி: 'எ'வா, 'த'வா?

அமெரிக்கர்கள் 'டேக் எ நீ' என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் 'டேக் த நீ'. 'எ' போட்டால் மைதானம், ராணுவம், ஓய்வு, எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் செல்லும். 'த' போட்டால் அநேகமாக இனவெறி எதிர்ப்பு மட்டும்தான். பயிற்சியாளர் பையன்களிடம் 'டேக் த நீ' என்று கத்தமாட்டார்.

இதில் ஒரு வெளியுறவு அமைச்சரே மாட்டிக்கொண்டார். 2020 ஜூனில் பிரிட்டனின் டொமினிக் ராப் வானொலிப் பேட்டியில், அது ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது போலிருக்கிறது, தனக்கு அடிமைத்தனத்தின் அடையாளமாகப் படுகிறது, தான் மகாராணிக்கு முன்னாலும் மனைவியிடம் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் மட்டுமே முழங்காலிடுவதாகச் சொன்னார். கேலி பொங்கியது. அவர் குழப்பிக்கொண்டது மூன்று தனித்தனிச் சொற்றொடர்களை. நாமும் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க அடுத்த படி.

ஆறாம் படி: பங்காளிகளைப் பிரித்துவையுங்கள்

'பெண்ட் த நீ' என்பதுதான் உண்மையான சரணாகதி. இடைக்கால ஐரோப்பாவில் குறுநிலத்தான் பிரபுவின் முன் முழங்காலிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து விசுவாசம் சொல்வான். அரசியல் செய்தியில் 'அவர் தலைமைக்கு பெண்ட் த நீ செய்துவிட்டார்' என்றால் அடிபணிந்துவிட்டார் என்று பொருள், வேறு எதுவும் இல்லை. பைபிள் ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய தொடர் உண்டு. தமிழ் கிறிஸ்தவர்களுக்கு 'முழங்கால் யாவும் முடங்கும்' என்ற வரி மனப்பாடம்.

'கெட் டவுன் ஆன் ஒன் நீ' என்றால் மோதிரப் பெட்டியோடு காதலியின் முன்னால் உட்கார்வது. இதற்கு 'டுக் எ நீ' என்று யாராவது சொன்னால் விளையாட்டாகச் சொல்கிறார்கள். 'ஆன் பெண்டட் நீ' என்பது கெஞ்சல், அதில் வரும் 'பெண்டட்' இன்றைய ஆங்கிலத்தில் வேறெங்கும் பெரிதாகப் பிழைக்காத பழைய வடிவம்.

'ப்ரிங் டு இட்ஸ் நீஸ்' வன்முறையானது: ஒரு வேலைநிறுத்தமோ கொள்ளை நோயோ ஒரு நாட்டை முடக்கிப்போடுவது. இங்கே பன்மை, இரண்டு முழங்காலும் தரையில். முழங்காலிடுபவர் விருப்பம் இதில் இல்லவே இல்லை. முழங்காலின் எண்ணிக்கையை வைத்தே பாதி அர்த்தத்தைப் பிடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

'நீ-ஜெர்க்' (யோசிக்காமல் வரும் எதிர்வினை), 'பீஸ் நீஸ்' (பிரமாதம்) போன்றவை முழங்காலைப் பற்றியவை, முழங்காலிடுவதைப் பற்றியவை அல்ல. விட்டுவிடலாம்.

ஏழாம் படி: தமிழில் எழுதும்போது

இங்கேதான் எனக்கு அன்று சறுக்கியது. ஆங்கிலம் பணிவை முழங்காலில் வைத்திருக்கிறது. தமிழ் அதைத் தலையிலும் எதிராளியின் பாதத்திலும் வைத்திருக்கிறது. தலைவணங்கு, வணங்காமுடி, அடிபணி, காலில் விழு, இப்படி. கோயிலில் ஆண்கள் எட்டு அங்கமும் படிய விழுவார்கள், பெண்கள் ஐந்து அங்கம். முழங்காலில் மட்டும் நிற்பது நமக்கு தேவாலயத்திலும் வகுப்பறைத் தண்டனையிலும்தான் பழக்கம். 'முட்டி போடு' என்ற குரல் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல்லில் கௌரவம் எங்கிருந்து வரும்?

அதனால் 'பெண்ட் த நீ'க்கு 'அடிபணிந்தார்' போதும், முழங்காலே வேண்டாம். 'ப்ரிங் டு இட்ஸ் நீஸ்' வந்தால் 'நிலைகுலைய வைத்தது', 'ஸ்தம்பிக்க வைத்தது'. கெஞ்சலுக்கு 'கெஞ்சிக் கூத்தாடி' இருக்கிறது. எதிர்ப்புச் சைகைக்கு மட்டும் உடலின் நிலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'மண்டியிட்டனர்' என்று தனியாக விடாதீர்கள். 'ஒற்றை முழங்காலை ஊன்றி எதிர்ப்பைக் காட்டினர்' என்று நோக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சொல் கூடினால் பரவாயில்லை. ராணுவ, பயிற்சி மைதானப் பொருளுக்குச் சூழலைப் பார்த்து 'சற்று நிதானித்தார்கள்' அல்லது 'சுற்றி உட்காரச் சொன்னார்'.

நீங்களே ஆங்கிலத்தில் பேசும்போது, களைத்துப்போன குழுவிடம் 'லெட்ஸ் டேக் எ நீ' என்று சொல்லலாம். அமெரிக்கருக்கு உடனே புரியும், லண்டன்காரர் ஒரு கணம் விழிப்பார், கூட்டத்தில் எதற்கு இனவெறி எதிர்ப்பு என்று. அவரிடம் 'டேக் எ ப்ரேதர்' (கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்) என்று சொல்லிவிடுங்கள். உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல இந்தத் தொடரை எடுக்காதீர்கள், அது 'பெண்ட்' வேலை.

என்னுடைய அந்த வரியைக் கடைசியில் இப்படித் திருத்தினேன்: 'முன்னிலையில் இருந்த குவாட்டர்பேக், பந்தோடு முழங்காலை ஊன்றி ஊன்றியே மிச்ச நேரத்தைக் கரைத்தார்.' பிழை திருத்துபவர் படித்துவிட்டு, "அதாவது, அவுட் ஆகாம கட்டை போட்டு டிரா பண்ற மாதிரியா சார்?" என்றார். டிரா இல்லை, ஜெயிப்பது. மற்றபடி அவர் சொன்னது என்னுடையதைவிட நல்ல விளக்கம்.